முத்திரையிட்ட தராசும் எல்ஜிபிஎல் உரிமமும்

கேள்வி: கோத்தகிரியில் இருவர் சேர்ந்து சிறு நிறுவனம் நடத்துகிறோம். பசுந்தேயிலையை எடைபோட்டு ரசீது அச்சிடும் பெட்டியைக் கொள்முதல் மையங்களுக்கு விற்கிறோம். உள்ளே லினக்ஸ் கர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பிஸிபாக்ஸும் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) ஓடுகின்றன. எங்கள் செயலி ஜிலிப்சி (glibc) என்ற சி மொழி நூலகத்தோடு ஸ்டேட்டிக்காக லிங்க் செய்யப்பட்டது, அதாவது நூலகம் செயலிக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. பெட்டி வாங்கிய தொழிற்சாலை ஒன்று சோர்ஸ் கோடை (மூல நிரலை) கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. எங்கள் செயலியின் சோர்ஸையும் கொடுக்க வேண்டுமா? எடையளவுத் துறை முத்திரையிட்ட தராசு என்று சொல்லி மறுக்கலாமா?

பதில்: நீங்கள் சொன்னவை மட்டுமே உள்ளே இருந்தால், உங்கள் செயலியின் சோர்ஸைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மறுப்புக் கடிதம் எழுதிவிடாதீர்கள். கொடுத்தே தீர வேண்டியவை வேறு உள்ளன.

ஜிலிப்சிக்கு உள்ள உரிமம் எல்ஜிபிஎல் 2.1. இது, சேர்த்து வெளியிடும் மென்பொருள் முழுவதன் சோர்ஸையும் கேட்கும் ஜிபிஎல் உரிமத்தின் தளர்ந்த வடிவம். அதன் 6ஆம் பிரிவு ஸ்டேட்டிக் லிங்க்கைத் தடுக்கவில்லை. வாங்கியவர் ஜிலிப்சியைத் திருத்தி, உங்கள் செயலியோடு மறுபடி லிங்க் செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு உங்கள் செயலியின் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் (கம்பைல் ஆகி, இன்னும் லிங்க் ஆகாத கோப்புகள்) போதும். அவற்றோடு ஜிலிப்சியின் அதே பதிப்புச் சோர்ஸ், நீங்கள் போட்ட பேட்ச் (திருத்தம்), லிங்க் கட்டளை, கம்பைலர் பதிப்பு, உரிம நகல் எல்லாம் போக வேண்டும். எல்டிஓ (லிங்க் நேர மேம்படுத்தல்) போட்டுக் கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் ஃபைல் வேறு ஜிசிசி கம்பைலர் பதிப்பில் லிங்க் ஆகாமல் போகலாம். எல்டிஓ இல்லாமல் மறுபடி உருவாக்கிக் கொடுங்கள். ஸ்டிரிப் செய்வதானால் (கூடுதல் தகவலை நீக்குவதானால்) டீபக் தகவலை, அதாவது பிழை தேட உதவுவதை, மட்டும் நீக்குங்கள். சிம்பல்கள் (லிங்க்கருக்குத் தேவையான பெயர்கள்) முழுவதும் போய்விட்டால் அந்த ஃபைல்களால் பயனில்லை. அனுப்பும் முன் வேறொரு கணினியில் லிங்க் செய்து ஓட்டிப் பாருங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். "ரிவர்ஸ் இன்ஜினியரிங் கூடாது, மாற்றக் கூடாது" என்ற வரி இருந்தால் (ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்றால் மென்பொருளைப் பிரித்து ஆராய்வது) அது 6ஆம் பிரிவோடு நேரடியாக மோதும். சொந்த உபயோகத்துக்கான மாற்றத்துக்கும், அந்த மாற்றத்தில் பிழை கண்டுபிடிப்பதற்கான ரிவர்ஸ் இன்ஜினியரிங்குக்கும் விலக்கு எழுதிச் சேருங்கள். பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

செயலிக்குள் ரீட்லைன் போன்ற ஜிபிஎல் நூலகம் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று லிங்க் மேப்பை (எவையெல்லாம் சேர்ந்தன என்ற பட்டியல்) பார்த்து உறுதி செய்யுங்கள். இருந்தால் முதல் பத்தியில் சொன்னது பொருந்தாது. அடுத்த பதிப்பில் ஜிலிப்சிக்குப் பதில் எம்ஐடி என்ற எளிய உரிமமுள்ள மஸ்ல் (musl) நூலகத்துக்கு மாறினால் ஆப்ஜெக்ட் ஃபைல் தொல்லையே இல்லை. பதிப்புரிமை, உரிம வாசகங்களைச் சேர்த்தால் போதும்.

கர்னலும் பிஸிபாக்ஸும் ஜிபிஎல் 2. இவற்றுக்கு முழுச் சோர்ஸ், கான்ஃபிக் ஃபைல்கள், பேட்ச்கள், கம்பைல் செய்து நிறுவும் ஸ்கிரிப்ட்கள் தர வேண்டும். கர்னல் தளத்தின் முகவரியைக் காட்டினால் கடமை தீராது. பெட்டியோடு சோர்ஸ் போகவில்லை என்றால், கேட்டால் சோர்ஸ் தருவோம் என்று சொல்லும், குறைந்தது மூன்றாண்டு செல்லுபடியாகும் எழுத்துறுதிச் சீட்டு போக வேண்டும். வாங்கியவர் மட்டுமல்ல, யார் கேட்டாலும் தர வேண்டும். பென் டிரைவ், தபால் போன்ற அனுப்பும் செலவை மட்டும் வாங்கலாம். பில்ட்ரூட் என்ற கருவியில் கட்டியிருந்தால் 'மேக் லீகல்-இன்ஃபோ' (make legal-info) கட்டளை சோர்ஸையும் உரிமங்களையும் திரட்டிவிடும். பில்ட்ரூட்டின் சோர்ஸ் அதில் வராது, தனியாகச் சேருங்கள்.

முத்திரை மறுப்புக்குக் காரணமாகாது. கேட்பது சோர்ஸை, தராசைத் திறக்கும் அனுமதியை அல்ல. திருத்திய மென்பொருளை ஏற்றுவதற்காக முத்திரையை உடைத்தால், சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இன்படி மறுமுத்திரை பெறாமல் அதில் இலை எடைபோடக் கூடாது என்று பதில் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

அலட்சியம் வேண்டாம். நிபந்தனையை மீறினால் ஜிபிஎல் 2இன் 4ஆம் பிரிவுப்படி உங்கள் உரிமம் தானாகவே முடிந்துவிடும். உங்களிடம் வாங்கியவர்களின் உரிமை முடியாது. அதன்பின் விற்கும் ஒவ்வொரு பெட்டியும் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 51ஆம் பிரிவில் மீறலாகும். 55ஆம் பிரிவில் தடையுத்தரவும் இழப்பீடும் கோரலாம். 62ஆம் பிரிவுப்படி வாதி தன் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். கர்னல் எழுதியவர்களில் பலர், முதல் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் திரும்பும் என்று 2017இல் அறிவித்துள்ளனர். உங்களுக்கு எழுதிய தொழிற்சாலை பதிப்புரிமையாளர் அல்ல. ஆனாலும் அதே 30 நாளை உங்களுக்குக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விற்ற பெட்டிகளுக்கும் எழுத்துறுதிச் சீட்டை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அவை சேர்ந்ததற்கான சான்றுகளைக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.