மையர்கள் எல்லோரும் உறவினர்களா?

ஜெர்மனியின் ஹனோவரில் பணிபுரியும் வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் அலுவலகத்தில் மூன்று மையர்கள் இருக்கிறார்கள். மூவரும் பெயரை மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒரே குடும்பமா? குடும்பப் பெயரைக் கொண்டு ஒருவரின் பூர்விகத்தைச் சொல்ல முடியுமா?"

உறவினர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இடைக்காலத்தில் நிலப்பிரபுவின் பண்ணையை மேற்பார்த்த அதிகாரிதான் மையர். பண்ணைக்குப் பண்ணை ஒரு மையர் இருந்ததால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தப் பெயர் வாய்த்தது. மாவு ஆலைக்காரரான முல்லர், கொல்லரான ஷ்மிட் ஆகிய பெயர்கள் பெருகியதும் இப்படித்தான்.

எழுத்து மாறியதற்குக் காரணம், எழுதியவர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பாதிரியார் தம் காதில் விழுந்தபடி எழுதினார். அவருக்குப் பின் வந்தவர் வேறு விதமாக எழுதினார். 1876-இல் நாடு முழுவதும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்த பிறகுதான் எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது. ஆகவே எழுத்து ஒன்றாக இருந்தால் உறவு என்றும் சொல்ல முடியாது, வேறாக இருந்தால் உறவில்லை என்றும் சொல்ல முடியாது.

பூர்விகத்தைப் பொறுத்தவரை பெயர்கள் நிறையவே பேசும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரே தொழிலுக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர் உண்டு. தையற்காரர் தெற்கே ஷ்னைடர், வடக்கே பெரும்பாலும் ஷ்ரோடர். இரண்டுமே துணி வெட்டுபவரைக் குறிப்பவை. வண்டிச் சக்கரம் செய்பவர் தெற்கே வாக்னர், வடமேற்கே ராடமாகர். உங்கள் மையர்களிலும் நடுவில் 'ஒய்' போட்டு எழுதுபவரின் முன்னோர் வடக்கே கீழ் சாக்சனியைச் சேர்ந்தவர்களாகவும், 'ஏ', 'ஐ' சேர்த்து எழுதுபவரின் முன்னோர் தெற்கத்தியவர்களாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஹான்சன், பீட்டர்சன் என்றால் டென்மார்க் எல்லையை ஒட்டிய ஷ்லெஸ்விக் பக்கம். அங்கே தந்தையின் பெயரே மகனுக்குக் குடும்பப் பெயராகித் தலைமுறைதோறும் மாறிவந்தது. 1771-இல் அரசாணை போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். பியூலோ போல 'ஓ' ஒலியில் முடியும் பெயர்கள் பல, வடகிழக்கின் ஸ்லாவிய ஊர்ப்பெயர்களிலிருந்து வந்தவை. அவற்றின் கடைசியில் எழுதப்படும் 'டபிள்யூ'வை உச்சரிக்காதீர்கள்.

பேயர் என்ற பெயரில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. தெற்கு மாநிலமான பவேரியாவைச் சேர்ந்தவர் என்று பொருள். ஆனால் பவேரியாவுக்குள் எல்லோருமே பவேரியாக்காரர்கள் என்பதால் அது அடையாளமாக உதவாது. வெளியூரில் போய்க் குடியேறியவருக்கே அக்கம்பக்கத்தார் அப்படிப் பெயர் வைத்தார்கள். மேலும், இரண்டாம் உலகப் போரின் முடிவில் கிழக்குப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 1.2 கோடி ஜெர்மானியர்கள் இடம்பெயர நேர்ந்தது. எனவே பெயர் காட்டுவது மூதாதையரின் ஊரை. உங்கள் சக ஊழியரின் ஊரை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.