சிபாப் (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின்) மாட்டித் தூங்க முடியவில்லை. பல்லில் மாட்டும் கருவி தூக்க மூச்சுத்தடைக்கு (தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு விட்டுவிட்டு வருவது) உண்மையிலேயே பலன் தருமா?

தரும். நான்கு வருடமாக அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். ஆனால் குறட்டை நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சில மாதம் நம்பியிருந்தேன். அது தவறு.

எனக்கு முதல் ஸ்லீப் ஸ்டடியில் (தூங்கும்போது மூச்சை அளக்கும் சோதனை) மணிக்கு 24 தடவை மூச்சு தடைப்பட்டது. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம் என்பார்கள். சிபாப் மெஷினோடு மூன்று மாதம் போராடினேன். தூக்கத்திலேயே முகமூடியைக் கழற்றிவிடுவேன், காலையில் அது தரையில் கிடக்கும். கடைசியில் நுரையீரல் மருத்துவரே பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

இரண்டு தாடைக்கும் அச்செடுத்து ஆளுக்கு ஏற்றபடி செய்வார்கள். கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். கூடவே நாக்கின் அடிப்பகுதியும் முன்னால் வருவதால் தொண்டையில் காற்று போக வழி கிடைக்கிறது. எவ்வளவு முன்னால் என்பதைத் திருகு வைத்து மெல்ல மெல்லக் கூட்டலாம்.

இரண்டே வாரத்தில் குறட்டை அடங்கியது. மனைவி நிம்மதியாகத் தூங்கினாள். எனக்கோ மதியம் கண்ணைச் சொருகுவது மட்டும் போகவில்லை. கருவியைப் போட்டபடியே மறுபடி சோதித்தபோது மணிக்கு 14! சத்தம்தான் நின்றிருந்தது, அடைப்பு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பிறகு வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். அடுத்த சோதனையில் 6. மதியத் தூக்கமும் போயிற்று.

தொல்லை இல்லாமல் இல்லை. முதல் மாதம் தாடை வலி, தலையணையெல்லாம் எச்சில். இன்றும் காலையில் அரைமணி நேரம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேராது. வருடக்கணக்கில் போட்டால் பற்கள் கொஞ்சம் நகரவும் செய்யும், அதனால் ஆறு மாதத்துக்கொரு முறை காட்டிவிடுகிறேன். பல் அதிகம் விழுந்தவர்கள், ஈறு நோயால் பல் ஆடுபவர்கள், தாடை மூட்டில் வலி உள்ளவர்கள் பலருக்கு இது ஒத்துவராது. வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் மலிவான கருவியையும் முதலில் வாங்கிப் பார்த்தேன், நடுராத்திரியில் கழன்று விழுந்தது. அந்தப் பணம் வீண்.

உங்கள் எண்ணிக்கை 30க்கு மேல் என்றால் சிபாப்பை உடனே கைவிடாதீர்கள். அடைப்பைக் குறைப்பதில் அதுதான் பலமானது. மூக்குக்கு மட்டுமான சின்ன முகமூடி, ஈரப்பதம் சேர்க்கும் வசதி இதெல்லாம் முயன்று பார்த்தீர்களா? பார்த்தும் முடியவில்லை என்றால் இந்தக் கருவிக்கு வாருங்கள். போடாத மெஷினைவிட ராத்திரி முழுக்க வாயில் இருக்கும் கருவி மேல்.

அப்புறம், பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: "இதைப் போட்டபடி மறுபடி எப்போது ஸ்லீப் ஸ்டடி எடுப்பீர்கள்?" 2015இல் அமெரிக்கத் தூக்க மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் அந்த மறுசோதனையைச் சொல்கிறது. தேவையில்லை என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.