சி.எஸ். துறைக்கு என்.பி.ஏ.: கேள்விகளும் பதில்களும்

பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் துறையில் 22 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். இரண்டு முறை என்.பி.ஏ. (படிப்புகளைச் சோதித்து அங்கீகாரம் தரும் தேசிய அங்கீகார வாரியம்) ஒருங்கிணைப்பாளராக இருந்திருக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கல்லூரிக்கு ஏற்கெனவே நாக் ஏ கிரேடு இருக்கிறது. பிறகு எதற்குத் தனியாக என்.பி.ஏ.? (துறைத் தலைவர், சேலம்)

நாக், அதாவது தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு, கல்லூரியை மொத்தமாகப் பார்க்கும். என்.பி.ஏ. ஒரு படிப்பை மட்டும் பார்க்கும். உங்கள் மெக்கானிக்கல் துறைக்கு என்.பி.ஏ. கிடைத்தால் அது சி.எஸ்.ஸுக்கு வந்து சேராது. குறைந்தது இரண்டு பேட்ச் படித்து முடித்து வெளியே போயிருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அதனால் புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ. - டேட்டா சயின்ஸ் படிப்பை இப்போதே இதில் சேர்க்க அவசரப்பட வேண்டாம்.

சி.ஓ. அட்டெய்ன்மென்ட் கணக்கை ஒரு தடவை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். (உதவிப் பேராசிரியை, நாமக்கல்)

சரி மேடம். சி.ஓ. என்பது கோர்ஸ் அவுட்கம்: ஒரு பாடத்தை முடித்த மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது. அது எந்த அளவு எட்டப்பட்டது என்பதுதான் அட்டெய்ன்மென்ட். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 60 பேர். மூன்றாவது சி.ஓ. மெமரி மேனேஜ்மென்ட் பற்றியது. அந்த சி.ஓ.வுக்கான கேள்விகளில் 60 சதவீத மதிப்பெண் எடுப்பதுதான் இலக்கு என்று செமஸ்டர் தொடங்கும் முன்பே துறைக் கூட்டத்தில் முடிவு செய்து மினிட்ஸில் எழுதிவிடுங்கள். 60 சதவீத மாணவர்கள் அந்த இலக்கைத் தொட்டால் லெவல் 1, 70 சதவீதம் பேர் தொட்டால் 2, 80 சதவீதம் பேர் தொட்டால் 3. பல துறைகளில் இந்த அளவுதான் வைத்திருக்கிறார்கள்.

இன்டர்னல் தேர்வில் 44 பேர் இலக்கைத் தொட்டார்கள் என்றால் அது 73 சதவீதம், அதாவது லெவல் 2. பல்கலைக்கழகத் தேர்வில் பி பிளஸ் அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் 50 பேர் என்றால் 83 சதவீதம், லெவல் 3. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, எக்ஸ்டர்னல் 60. அதே விகிதத்தைப் பிடியுங்கள்: 2 × 0.4 + 3 × 0.6 = 2.6. இது நேரடி அளவு. இதற்கு 80 சதவீத எடை, செமஸ்டர் முடிவில் மாணவர்களிடம் வாங்கும் சர்வேக்கு 20 சதவீத எடை. சர்வேயில் 2.5 வந்தால், 2.08 + 0.5 = 2.58.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இணைப்புக் கல்லூரியான நமக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கிரேடு மட்டும்தான் வருகிறது. எந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்பெண் என்று வராது. அதனால் அந்த லெவல் 3 ஐந்து சி.ஓ.வுக்கும் ஒரே மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். எந்த யூனிட்டில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்பது இன்டர்னல் கணக்கில் மட்டும்தான் தெரியும். கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் நோய் மறைந்துவிடும். ஆகவே இன்டர்னல் அட்டெய்ன்மென்ட்டை அட்டவணையில் தனிப் பத்தியாகவே வைத்திருங்கள்.

அப்புறம், வினாத்தாளில் 11 (அ) அல்லது 11 (ஆ) என்று கொடுக்கும்போது இரண்டும் ஒரே சி.ஓ.வாக இருக்க வேண்டும். (அ) இரண்டாவது சி.ஓ., (ஆ) மூன்றாவது சி.ஓ. என்று கலந்துவிட்டால், ஒரு சி.ஓ.வுக்குப் பாதி வகுப்பின் மதிப்பெண் மட்டும்தான் கையில் இருக்கும். தாளை ஸ்க்ரூட்டினி செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எல்லாப் பாடத்துக்கும் லெவல் 3 வருகிற மாதிரி இலக்கைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

செய்யாதீர்கள். எங்கள் முதல் என்.பி.ஏ. விசிட்டில் நாங்கள் செய்த தவறே இதுதான். வந்த மதிப்பீட்டாளர் ஒரு கோர்ஸ் ஃபைலைத் திறந்தார். ஐந்து சி.ஓ.வுக்கும் 3. அடுத்த ஆண்டுக்கும் அதே 3. "அப்படியானால் அடுத்த ஆண்டு என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டார். பாடம் நடத்திய இளம் ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாமே 3 என்றால் மாற்ற எதுவும் இல்லை. மாற்றம் இல்லை என்றால் தொடர் முன்னேற்றம் என்ற பகுதியில் எழுத ஒரு வரி கூட இருக்காது.

இரண்டாவது முறை உள்ளதை உள்ளபடி வைத்தோம். மெமரி மேனேஜ்மென்ட்டில் இன்டர்னல் லெவல் 1 வந்திருந்தது. நானும் அந்த ஆசிரியையும் ஒரு மாலை உட்கார்ந்து விடைத்தாள்களைப் புரட்டினோம். பேஜ் ரீப்ளேஸ்மென்ட் (மெமரி நிரம்பியதும் எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது) கணக்கில் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் விழுந்திருந்தார்கள். ஏற்கெனவே ஃபிரேமில் இருக்கிற பக்கம் மறுபடி கேட்கப்படும்போது எல்.ஆர்.யு.வில் (நெடுநேரம் பயன்படாத பக்கத்தை வெளியேற்றும் முறை) வரிசை மாற வேண்டும், ஃபிஃபோவில் (முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் முறை) மாறக் கூடாது. பிள்ளைகள் இரண்டையும் ஒரே மாதிரி போட்டிருந்தார்கள். பாடம் அவர்களுக்குப் புரியாமல் இல்லை. நாங்கள்தான் இரண்டு முறைகளையும் வேறு வேறு நாளில், வேறு வேறு உதாரணத்தோடு நடத்தியிருந்தோம். அடுத்த பேட்ச்சுக்கு ஒரு டுடோரியல் மணி ஒதுக்கி, ஒரே எண் வரிசையைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறையிலும் போட வைத்தோம். லெவல் 2 வந்தது. விடைத்தாள் நகல், டுடோரியல் தாள், அடுத்த ஆண்டுக் கணக்கு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோத்து வைத்தோம். மதிப்பீட்டாளர் அதிக நேரம் செலவிட்டது அந்தப் பக்கங்களில்தான். லெவல் 1 வந்ததற்காக யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை.

இன்டேக் (ஆண்டுக்குச் சேர்க்கும் மாணவர் எண்ணிக்கை) 60லிருந்து 120 ஆகிறது. எத்தனை ஆசிரியர்களை எடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பது? (துறைத் தலைவர், கோவை)

சார், இந்தக் கேள்வியைக் கூடுதல் சீட் வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்; பரவாயில்லை, இன்னும் நேரம் இருக்கிறது. துறைக்கான மாணவர்-ஆசிரியர் விகிதத்தில் இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டு மாணவர்கள்தான் சேருவார்கள். 60 பேர் வீதம் மூன்று ஆண்டுக்கு 180, லேட்டரல் என்ட்ரி (டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேருபவர்கள்) 10 சதவீதம் சேர்த்து 198. 20:1 என்றால் 10 ஆசிரியர்கள். இன்டேக் கூடிய பேட்ச் இரண்டாம் ஆண்டுக்கு வரும்போது 264 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் வேண்டும். அதற்கடுத்த ஆண்டு 330, 17 பேர். பிறகு 396, 20 பேர். அதாவது மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு மூன்று நான்கு பேராக எடுக்க வேண்டும். எம்.இ. நடத்தினால் அந்த மாணவர்களும் கணக்கில் வருவார்கள்.

"விசிட்டுக்கு முந்தின ஆண்டு மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம்" என்று நிர்வாகம் சொல்லும். அப்போது சொல்லுங்கள்: என்.பி.ஏ. மூன்று ஆண்டுச் சராசரியைப் பார்க்கிறது. முதல் இரண்டு ஆண்டு 28:1 என்றிருந்தால் மூன்றாம் ஆண்டு ஆட்களை நிரப்பினாலும் சராசரி தூக்காது. ஒரே ஆசிரியரை சி.எஸ்.ஸிலும் ஐ.டி.யிலும் காட்டவும் முடியாது.

தகுதிக்கான கணக்கில் பிஎச்.டி. முடித்தவருக்கு எடை 10, எம்.இ. முடித்தவருக்கு 4. பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் 1:2:6 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இருபது பேரையும் புதிதாக எம்.இ. முடித்தவர்களாக எடுத்தால் எண்ணிக்கை சரியாக வரும், ஆனால் மதிப்பெண் வராது. இருக்கிறவர்களில் நான்கு பேரைப் பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய வைத்து, வாரத்துக்கு ஒரு நாள் விடுங்கள். அது பலன் தர ஐந்தாறு ஆண்டு ஆகும் என்பதால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

மாணவர்கள் துறையின் விஷன், மிஷன் வாசகங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா? (உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி)

வேண்டாம் தம்பி. அந்த நேரத்தில் அவர்களுடைய ஃபைனல் இயர் புராஜெக்ட்டை அவர்களே சொந்த வார்த்தையில் விளக்கப் பழக்குங்கள். டேட்டாபேஸில் ஏன் இந்த டேபிளைப் பிரித்தாய் என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

பி.ஓ. பன்னிரண்டா, பதினொன்றா? (பலர்)

பி.ஓ. என்பது புரோகிராம் அவுட்கம்: படிப்பு முழுவதையும் முடித்த மாணவரிடம் இருக்க வேண்டிய திறன்கள். புதிய வடிவத்தில் 11. முன்பு தனித்தனியாக இருந்த "பொறியாளரும் சமூகமும்", "சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும்" இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்குப் பின்னால் வருகிற எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். பழைய மேப்பிங்கில் (எந்த சி.ஓ. எந்த பி.ஓ.வோடு சேரும் என்ற அட்டவணை) கடைசிப் பத்தியை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் டீம் ஒர்க் என்று குறித்தது கம்யூனிகேஷனுக்குக் கீழே போய் நிற்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் உட்கார்ந்து புதிதாகப் போடுங்கள்.

என் மகள் சி.எஸ். சேரப் போகிறாள். என்.பி.ஏ. இருந்தால் வெளிநாட்டில் செல்லுமா? (பெற்றோர், மதுரை)

இந்தியா 2014 ஜூனில் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் (உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் அங்கீகாரத்தை மற்றொன்று ஏற்கும் ஒப்பந்தம்) நிரந்தர உறுப்பினர் ஆனது. ஆனால் அந்த அங்கீகாரம் டயர் 1 படிப்புகளுக்கு மட்டும்தான், அதாவது தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அந்தப் பிரிவில் பெற்றவை. சாதாரண இணைப்புக் கல்லூரிகள் டயர் 2. கல்லூரிக்குப் போகும்போது எந்த டயர், எந்த ஆண்டு வரை என்று இரண்டையும் கேளுங்கள். மகள் சேரும் படிப்பின் பெயரிலேயே சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விசிட்டுக்கு ஓராண்டு இருக்கிறது. எல்லா ஃபைலும் என் ஒருத்தி தலையில். எங்கிருந்து தொடங்க? (உதவிப் பேராசிரியை, தஞ்சாவூர்)

பழைய ஃபைலைத் தொடாதீர்கள் அம்மா, இந்த செமஸ்டரிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு இன்டர்னல் தேர்வு முடிந்த வாரத்திலேயே, பாடம் நடத்தியவரே கேள்வி வாரியாக மதிப்பெண்ணை எக்செல்லில் ஏற்ற வேண்டும். மூன்று மாதம் கழித்து நீங்கள் உட்கார்ந்து எல்லாருக்கும் ஏற்றினால் அது வெறும் எழுத்து வேலை. எச்.ஓ.டி.யிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்குங்கள்: வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், துறையில் யாருக்கும் வகுப்பு இல்லாமல் டைம்டேபிளில் ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவரவர் ஃபைல் அவரவர் கையில் இருக்கட்டும். நீங்கள் வேலை முடிந்ததா என்று மட்டும் பாருங்கள்.