பாட்டியின் முத்துமாலை

கேள்வி: வேலூரில் பணிபுரிந்த அமெரிக்க டாக்டரம்மா பாட்டிக்குத் தந்த மாலையின் கொக்கியில் ‘மிரியம் ஹாஸ்கெல்’ என்றிருக்கிறது. அசல் முத்தா? பூச்சு உரிகிறதே?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கடல்முத்தல்ல, அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், அருமையான வேலைப்பாடு அது! மிரியம் ஹாஸ்கெல் என்பது 1926-ல் நியூயார்க்கில் தொடங்கிய நகை நிறுவனம். பிராங்க் ஹெஸ் அதன் முதன்மை வடிவமைப்பாளராக இருந்தவர். கண்ணாடி மணிமேல் மீன்செதில் மினுமினுப்பை அடுக்கடுக்காக ஏற்றிய செயற்கை முத்துகளே அதன் பெருமை. ஆரம்பகால நகைகளில் பெயர் இருக்காது, உங்களுடையது பிந்தியது.

உரிதல் துளையோரம்தான் தொடங்கும். வியர்வையும் சென்ட்டும் நூல்வழியே உள்ளே இறங்கிப் பூச்சைத் தூக்கிவிடும். தண்ணீரில் முக்காதீர்கள், ஸ்பிரிட், பூந்திக்கொட்டை வேண்டவே வேண்டாம். கழற்றியதும் மெல்லிய பருத்தித்துணியால் துடையுங்கள். பட்டுநூலில், முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோக்கச் சொல்லுங்கள், உரசல் குறையும். தொங்கவிடாமல் படுக்கவைத்தால் நூல் தளராது. உரிந்த இடத்தில் நெயில்பாலிஷ் தடவினால் மீதிப் பூச்சும் கெடும்.