விழித்திரை ஆய்வு: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கண்ணிலிருந்து எடுத்த பிறகும் விழித்திரை வேலை செய்யுமா?

செய்யும். எலியின் விழித்திரையைப் பிரித்து, ஆக்சிஜன் ஏற்றிய உப்புக் கரைசலில் வெதுவெதுப்பாக வைத்தால் பல மணி நேரம் ஒளியை உணரும். கத்தி வைப்பது முதல் எல்லாமே இருட்டறையில், அகச்சிவப்புக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்வதுதான். சாதாரண வெளிச்சம் பட்டால் ஒளியை உணரும் நிறமியான ரோடாப்சின் வெளுத்துவிடும். பின்னால் ஒட்டியிருக்கும் நிறமி செல் அடுக்கைப் பிரிந்த விழித்திரையால் அதை மீட்டுக்கொள்ள முடியாது. 1979-இல் பேய்லர், லாம்ப், யாவ் மூவரும் தேரையின் ஒரு குச்சி செல்லின் (மங்கலான ஒளியை உணரும் செல்) நுனியைக் கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சிப் பிடித்து, ஒற்றை ஃபோட்டானுக்கு (ஒளித் துகளுக்கு) அது காட்டும் மின்னோட்ட மாற்றத்தை அளந்தார்கள்: ஏறத்தாழ 1 பிகோஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இன்றும் எனக்கு மிகப் பிடித்த சோதனை அதுதான்.

கேள்வி: ஒளி பட்டதும் செல் தூண்டப்படுகிறது, சரியா?

நேர்மாறு. இருட்டில்தான் அதற்குள் மின்னோட்டம் ஓடுகிறது, குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் கசிகிறது. ஒளி அதைக் குறைக்கிறது. அந்தக் குறைவுதான் அடுத்த செல்லுக்குப் போகும் செய்தி.

கேள்வி: அப்பாவுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய். கோளாறு குச்சி செல்களின் மரபணுவில் என்கிறார்கள். பிறகு பகல் பார்வையும் ஏன் மங்குகிறது?

எங்கள் துறையை விடாமல் துரத்தும் கேள்வி இது. முதலில் குச்சி செல்கள் சாகின்றன, அதனால் மாலைக்கண். பிறகு, பழுதான அந்த மரபணுவைப் பயன்படுத்தாத கூம்பு செல்களும் (பகல் வெளிச்சத்தையும் நிறத்தையும் உணர்பவை) சாகின்றன. ஒளி உணரும் செல்களில் 100-க்கு 95 குச்சி செல்கள். அவை போனதும், அவை எரித்துவந்த ஆக்சிஜன் மிஞ்சிக் கூம்புகளை அரிக்கிறது. குளுக்கோஸும் கூம்புகளுக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. குச்சி செல்கள் சுரந்த காப்புப் புரதமும் நின்றுவிடுகிறது. ஆகவே, பழுது எந்த மரபணுவில் இருந்தாலும் கூம்புகளையாவது காப்பாற்றும் வழி வேண்டும் என்பதே என் கட்சி. மரபணு வாரியாக மருந்து தேடினால் காலம் போதாது. ஆனாலும் அப்பாவுக்கு மரபணுப் பரிசோதனை அவசியம் செய்யுங்கள். ஆர்பிஇ65 என்ற மரபணுவின் பழுதுக்கு 2017-இலேயே அமெரிக்காவில் மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அதிலும் உயிரோடு எஞ்சியிருக்கும் செல்களுக்குத்தான் பலன், எனவே தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எலியில் பலித்த மருந்து மனிதரிடம் ஏன் தோற்கிறது?

காரணங்கள் பல. மாகுலா (விழித்திரையின் நடுவில் கூர்பார்வைக்கான பகுதி) நோய்களில் முக்கியமானது, எலிக்கு மாகுலாவே இல்லை என்பது. அதனால்தான் மனித ஸ்டெம் செல்லிலிருந்து விழித்திரைத் திசுவை வளர்த்துப் பார்க்கிறோம். அது பக்குவப்படவே மாதக்கணக்காகும்.

கேள்வி: மீனுக்கு விழித்திரை திரும்ப வளருமாமே?

வரிக்குதிரை மீனுக்கு வளரும். அதன் முல்லர் செல்கள் (விழித்திரையின் தாங்கு செல்கள்) பிரிந்து புது நரம்பு செல்களைத் தருகின்றன. நமக்கும் முல்லர் செல்கள் உண்டு, ஆனால் காயம் பட்டால் தழும்பாகிவிடுகின்றன. எலியில் சில மரபணுக்களை முடுக்கி அவற்றிலிருந்து நரம்பு செல்களை வரவழைத்திருக்கிறார்கள். மனிதருக்குக் கொண்டுவர இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும்.