பிரசங்க பீடத்தில் வேட்பாளர் பெயர்: சபையின் நிதிக்குழு உறுப்பினர் என்ன செய்யலாம்?

கேள்வி: டல்லாஸ் அருகே வசிக்கிறோம். பூர்வீகம் நாகர்கோவில், சி.எஸ்.ஐ. குடும்பம். இங்கே சதர்ன் பாப்டிஸ்ட் சபை ஒன்றில் சேர்ந்திருக்கிறோம். அதன் நிதிக்குழுவில் நானும் ஒருவன். கருக்கலைப்பு, குடும்பம் போன்ற விஷயங்களில் எனக்கும் பழமைவாதக் கருத்துதான். ஆனால் பாஸ்டர் ஞாயிறு ஆராதனையில் ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லி ஓட்டுப் போடச் சொல்கிறார். அவருக்காகச் சபைப் பணத்தில் துண்டறிக்கை அச்சடிக்க நிதிக்குழுவின் ஒப்புதலும் கேட்கிறார்கள். "சட்டம் மாறிவிட்டது, பேச்சுரிமை இருக்கிறது" என்கிறார்கள். மறுத்தால் விசுவாசம் குறைந்தவன் என்ற பேச்சு வருமோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: துண்டறிக்கைக்கு ஒப்புதல் தராதீர்கள். பாஸ்டர் ஆராதனையில் பேசுவது வேறு, சபைப் பணத்தைத் தேர்தலில் செலவழிப்பது வேறு. முதலாவதைப் பற்றி வழக்கும் வாதமும் நடந்திருக்கின்றன. இரண்டாவதில் ஆபத்து உங்கள் தலைக்கே வரலாம்.

அமெரிக்காவில் சபைகளுக்கு வருமான வரிவிலக்கு விண்ணப்பிக்காமலே கிடைக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேட்பாளர் ஒருவருக்கு ஆதரவாகவோ எதிராகவோ தேர்தல் பிரசாரத்தில் இறங்கக் கூடாது; அப்படிப்பட்ட அறிக்கைகளை அச்சிட்டு விநியோகிக்கவும் கூடாது. 1954-ல், அப்போது டெக்ஸாஸ் செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்ததால் இதற்கு ஜான்சன் திருத்தம் என்று பெயர். பழமைவாதச் சபைகளை மட்டும் குறிவைத்த சட்டம் இல்லை இது. கறுப்பினத்தவர் சபைகளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களைப் பீடத்தில் ஏற்றுவதும் இதே கேள்விக்கு உட்பட்டதுதான்.

"சட்டம் மாறிவிட்டது" என்று சொல்பவர்கள் மனதில் வைத்திருப்பது 2025 ஜூலையில் நடந்ததை. டெக்ஸாஸ் சபைகள் இரண்டும் ஒரு கிறிஸ்தவ ஒலிபரப்பாளர் சங்கமும் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அவர்களோடு சேர்ந்து நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டது. ஆராதனையை ஒட்டி, வழக்கமான வழிகளில், விசுவாசத்தின் கண்ணோட்டத்தில் சபை தன் மக்களோடு தேர்தலைப் பற்றிப் பேசினால் அது பிரசாரத் தலையீடு ஆகாது என்று அந்த மனுவில் சொன்னது. இதை வைத்துப் பாஸ்டரின் பேச்சுக்கு ஓரளவு நியாயம் சொல்லலாம். ஆனால் மனு என்பது சட்டத் திருத்தம் இல்லை. 1954-ன் வாசகத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நீக்கவில்லை. தெருவில், வீடு வீடாகக் கொடுக்கும் துண்டறிக்கை "சபை தன் மக்களோடு பேசுவது" என்பதற்குள் அடங்கவும் அடங்காது.

இப்படி வெளியே போய்ப் பேசிய ஒரு சபையின் கதை உங்கள் குழுவுக்குத் தெரிய வேண்டும். 1992 தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, நியூயார்க் மாநிலம் பிங்கம்டன் பகுதியைச் சேர்ந்த பியர்ஸ் கிரீக் சபை, பில் கிளின்டனுக்கு எதிராக இரண்டு தேசிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. விளம்பரத்தின் அடியிலேயே, வரிக்கழிவு பெறக்கூடிய காணிக்கை அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தது. 1995-ல் அதன் வரிவிலக்கு ரத்தானது. பேச்சுரிமை, மத உரிமை இரண்டையும் சொல்லித்தான் சபை வழக்காடியது. 2000-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விசுவாசத்தைக் கைவிடு என்று சபையிடம் அரசு சொல்லவில்லை, வரிவிலக்குப் பணத்தில் பிரசாரம் செய்யாதே என்கிறது, அவ்வளவுதான் என்பதே அதன் சாரம். தீர்ப்பை எழுதியவர் ஜேம்ஸ் பக்லி. ஒரு காலத்தில் கன்சர்வேடிவ் கட்சியின் செனட்டராக இருந்தவர் அவர். இதை இடதுசாரி நீதிபதியின் வேலை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

உங்களுக்கு நேரடியாகப் படும் விஷயம் இது. தேர்தல் பிரசாரத்துக்குச் சபை செலவழித்தால் அந்தத் தொகையில் 10 சதவீதம் சபை மீது வரி விழும். அது தவறான செலவு என்று தெரிந்தே ஒப்புதல் தந்த நிர்வாகிக்குத் தனிப்பட்ட முறையில் 2.5 சதவீதம், 5,000 டாலர் வரை. செலவைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்யாவிட்டால் இன்னும் கடுமையாகும். நிதிக்குழு உறுப்பினரும் நிர்வாகியாகக் கருதப்படலாம். தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டு எழுதியதன் மூலம் உங்களுக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்துவிட்டது; தெரியாமல் ஒப்புதல் தந்தேன் என்று இனி சொல்ல முடியாது.

சபை வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கருக்கலைப்பு, திருமணம், குடியேற்றம், ஏழைகள் என எதைப் பற்றியும் வேதத்தின்படி பிரசங்கிக்கலாம். எல்லா வேட்பாளரையும் அழைத்துக் கூட்டம் நடத்தலாம். பாஸ்டர் தன் சொந்தப் பெயரில், சபையின் மேடையும் பணமும் இல்லாமல், யாரை வேண்டுமானாலும் ஆதரிக்கலாம். துண்டறிக்கை அடிக்க ஆசைப்படும் சகோதரர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போடட்டும். தேர்தல் செலவு விதிகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசுவாசம் குறைந்தவன் என்ற பேச்சு வந்தால் உங்கள் சபையின் சொந்த வரலாற்றையே எடுத்துவையுங்கள். கனெக்டிகட்டில் அன்று கான்கிரிகேஷனல் சபைதான் அரசு ஆதரவு பெற்ற சபை. அந்தச் சபைக்கான வரியைத் தவிர்க்க பாப்டிஸ்டுகள் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. 1801-ல் டான்பரி பாப்டிஸ்டுகள் ஜனாதிபதி ஜெபர்சனிடம் முறையிட்டார்கள். சபைக்கும் அரசுக்கும் நடுவே மதில் வேண்டும் என்ற அவருடைய புகழ்பெற்ற பதில் கடிதம் அவர்களுக்கு எழுதப்பட்டதுதான். சதர்ன் பாப்டிஸ்ட் விசுவாச அறிக்கையின் 17-ம் பிரிவும் சபையும் அரசும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறது. பேச்சுரிமையும் மத உரிமையும் தரும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசைத்தான், உங்கள் மனசாட்சியை அல்ல என்பதும் உண்மை. ஆனால் இன்று ஒரு கட்சிக்காகச் சபை தன் காணிக்கைப் பெட்டியைத் திறந்தால், நாளை அந்தக் கட்சி தவறு செய்யும்போது அதைக் கண்டித்துப் பேசும் தீர்க்கதரிசனக் குரல் சபைக்கு எப்படி இருக்கும்? எனக்கு இதுதான் பெரிய கவலை.

முதலில் பாஸ்டரைத் தனியாகப் பாருங்கள். கூட்டத்தில் எல்லார் முன்னும் தொடங்க வேண்டாம். பியர்ஸ் கிரீக் வழக்கைச் சொல்லி, வரிவிலக்கு நிறுவனங்களைப் பற்றித் தெரிந்த வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான கருத்தை வாங்கிய பிறகு முடிவெடுக்கலாம் என்று கேளுங்கள். அதற்கும் குழு சம்மதிக்காமல் வாக்கெடுப்புக்குப் போனால், எதிர்த்து வாக்களித்து, உங்கள் எதிர்ப்பைப் பெயரோடு மினிட்ஸ் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். அதன் நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.