பேப்பர் ஓரத்துல எழுதின ஒரு வரி (வாசகர் கடிதம்)

அக்கா வணக்கம். எம்.எஸ்சி. சைக்காலஜி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு பாடி இமேஜ், அதாவது தன் உடம்பப் பத்தி ஒருத்தர் என்ன நினைக்கறாங்கங்கறத எடுத்திருக்கேன். ஈட்டிங் டிஸ்ஆர்டர் இன்வென்டரினு சாப்பாட்டுக் கோளாறுகளுக்கான கேள்வித்தாள்ல உடம்பு மேல இருக்கற அதிருப்திய அளக்கற பகுதி இருக்குல்ல, அத நாலஞ்சு இனத்துப் பொண்ணுங்க கிட்ட குடுத்து நிரப்பச் சொன்னேன். கருப்பினப் பொண்ணுங்களுக்கு ஸ்கோர் கம்மியா வந்திருக்கு. "அவங்க கல்ச்சர்ல இந்தக் கவலை கம்மிதானே, அப்படியே எழுதிரு"ங்கறாரு கைடு. ஆனா ஒரு பொண்ணு பேப்பர் ஓரத்துல "என் நிறத்தப் பத்தியும் முடியப் பத்தியும் ஒண்ணுமே கேக்கலியே?"ன்னு பேனாவால எழுதி வச்சிருக்கு. இத என்ன பண்றது? ஸ்கேல மாத்தினா வேலிடிட்டி, அதாவது அளக்க வேண்டியத சரியா அளக்குதுங்கற நம்பகம், போயிடும்னு பயமா இருக்கு.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அத விட்டுடாதீங்க. நீங்க சேத்து வச்சிருக்கற மொத்த டேட்டாவுலயும் எனக்கு முக்கியமா படறது அந்த ஒரு வரிதான்.

நீங்க குடுத்த கேள்வித்தாள எடுத்து இன்னொரு தடவ மெதுவா படிச்சுப் பாருங்க. 1983-ல வந்த அந்த அளவுகோல்ல இந்தப் பகுதிக்கு 9 வாக்கியம். வயிறு, தொடை, இடுப்பு, பின்பக்கம், மறுபடி வயிறு, மறுபடி தொடை, பெருசா இருக்கா, சரியான சைஸா, உடம்போட வடிவம் பிடிச்சிருக்கா, அவ்வளவுதான். நிறம் இல்ல, முடி இல்ல, மூக்கு உதடு எதுவும் இல்ல. சாப்பாட்டுக் கோளாறு இருக்கறவங்களப் புரிஞ்சுக்க செஞ்ச கருவி, அந்த வேலைக்கு அது நல்ல கருவிதான், நான் குறை சொல்லல. ஆனா "தன் உடம்பு மேல ஒருத்திக்கு என்ன வருத்தம்"ங்கற பெரிய கேள்விக்கு அத மட்டும் கொண்டு போய் நிறுத்தினா, மெலியணும்ங்கற ஆசைதான் வருத்தம்னு நாமளே முன்னாடியே முடிவு பண்ணிட்டு கேக்கற மாதிரி ஆயிடுது.

அதே 1983-ல ஸ்டங்கார்டுங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் கொண்டு வந்த 9 உருவப் படம் ஒண்ணு இருக்கு, பாத்திருப்பீங்க. ஒல்லியில ஆரம்பிச்சு குண்டு வரைக்கும் வரிசையா நிக்கும். இப்ப நீ எது, எப்படி இருக்கணும்னு ஆசைன்னு கேட்டு, ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசத்த அதிருப்தினு வச்சுக்குவாங்க. ஒருத்தி ரெண்டுக்கும் அஞ்சக் காட்டறா, வித்தியாசம் பூஜ்யம், அதிருப்தி பூஜ்யம். ராத்திரி அவ வெளுக்கற க்ரீமத் தேச்சுட்டுதான் படுக்கறா, போட்டோ எடுத்தா எடிட் பண்ணி நிறத்தக் கூட்டிதான் போடறா, அது எதுவும் அந்தப் பூஜ்யத்துக்குள்ள வராது.

எனக்கே இது நடந்திருக்கு. 19 வயசுல, கண்ணாடி இருக்கற ரூமுக்குள்ள போறதுக்கே கஷ்டப்பட்ட காலத்துல, ஒரு கவுன்சிலர் கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, உண்மையாத்தான் நிரப்பினேன், எடையப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. "உடம்பப் பத்தி உனக்குப் பிரச்சனை ஒண்ணும் இல்லம்மா, சந்தோஷமா இரு"ன்னு சிரிச்சுட்டே அனுப்பிட்டாங்க. நான் கருப்பா இருக்கேன்னு அழுதுட்டு இருந்தத எழுத அந்தப் பேப்பர்ல ஒரு கட்டம்கூட இல்ல. அதனாலதான் உங்க கடிதத்துல அந்த வரியப் படிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன்.

இப்ப உங்க கைடு சொல்ற விஷயத்துக்கு வர்றேன். "அவங்களுக்கு இந்தக் கவலை கம்மி"ங்கற வாக்கியம் பேப்பர்ல இருந்து இறங்கி டாக்டரோட மனசுக்குள்ள போய் உக்காந்துக்கும். 2006-ல காத்ரின் கார்டன் குழு அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, மேரினு ஒரு கற்பனைப் பொண்ணோட டைரிய மனநல சிகிச்சை பண்றவங்க கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. எழுத்து ஒண்ணுதான், இனம் மட்டும் மாத்தி. வெள்ளைக்காரப் பொண்ணுனு நினைச்சுப் படிச்சவங்கள்ல 44% பேருக்கு அவ சாப்பிடற விதத்துல பிரச்சனை தெரிஞ்சுது. லத்தீன் அமெரிக்க வம்சாவளினு நினைச்சவங்களுக்கு 41%. கருப்பினப் பொண்ணுனு நினைச்சுப் படிச்சவங்கள்ல வெறும் 17%. நிஜத்துல மேரி மாதிரி ஒருத்தி அங்க வந்தா சிகிச்சை கிடைக்காம திரும்பிப் போவா, போனப்புறம் "இந்த இனத்துல கேஸே வர்றதில்ல"ன்னு கணக்கும் எழுதிடுவாங்க.

கல்ச்சர் காப்பாத்தும்ங்கறதும் நிரந்தரம் கிடையாது. பசிபிக் கடல்ல இருக்கற ஃபிஜி தீவுல நல்லா புஷ்டியா இருக்கற உடம்பத்தான் காலங்காலமா மதிச்சாங்க. ஆன் பெக்கர்ங்கற ஆராய்ச்சியாளர் அங்க 1995-ல, டிவி வந்த புதுசுல, பள்ளிக்கூடப் பொண்ணுங்கள சர்வே பண்ணாங்க, 1998-ல அதே வயசுப் பொண்ணுங்கள மறுபடி பண்ணாங்க. சாப்பாட்டுக் கோளாறு இருக்கலாம்னு சந்தேகப்படற அளவுக்கு ஸ்கோர் வந்தவங்க 12.7%-ல இருந்து 29.2% ஆயிருந்தாங்க. பெக்கர் ஸ்கோரோட நிறுத்தாம உக்காந்து பேசவும் செஞ்சாங்க, அதனாலதான் டிவில வர்றவங்க மாதிரி ஆனா வேலை கிடைக்கும், வாழ்க்கையில முன்னேறலாம்னு அந்தப் பொண்ணுங்க நினைச்சது வெளிய வந்துச்சு. 9 கேள்விக்கு டிக் அடிக்க வச்சிருந்தா அது வந்திருக்காது.

சரி, நீங்க என்ன பண்ணலாம். ஸ்கேல மாத்த வேண்டாம், பயப்படாதீங்க, 9 வாக்கியமும் அப்படியே இருக்கட்டும். அதுக்கு அப்புறம் தனியா ஒரு பக்கம் சேருங்க, "உங்க தோற்றத்துல எது உங்கள வருத்துது, யார் சொன்னதால?"ன்னு கேட்டுட்டு மீதிய வெத்தா விடுங்க. அப்புறம் ஒரே ஸ்கோர் எல்லா இனத்துலயும் ஒரே அர்த்தம் தருதான்னு சோதிக்காம சராசரிய ஒப்பிடாதீங்க, அந்தச் சோதனைக்கு நிறைய பேர் வேணும், உங்க சாம்பிள் சின்னதுன்னா ஒப்பிடறதையே விட்டுடுங்க. கைடு சொன்ன வாக்கியத்துக்குப் பதிலா "எடை, வடிவம் பத்தின 9 வாக்கியத்துல ஸ்கோர் கம்மி, நிறம், முடி பத்தி இந்தக் கருவி கேக்கல"ன்னு எழுதுங்க, அதுவும் கடைசிப் பக்கத்துல குறைபாடுகள்னு போட்டு ஒளிச்சு வைக்காம ரிசல்ட்லயே எழுதுங்க.

அந்தப் பொண்ண யாருன்னு தெரிஞ்சா, அவங்க வரிய ப்ராஜெக்ட்ல போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுக்குங்க, பாதுகாப்பா இருக்கும்னு நம்பி எழுதினது அது. விருப்பம் இருந்தா அவங்க கிட்டயும் இன்னும் அஞ்சாறு பேர் கிட்டயும் உக்காந்து பேசுங்க. கைடு ஒத்துக்கலேன்னா எனக்கு எழுதுங்க, அவர் கிட்ட காட்ட வேண்டிய பேப்பரெல்லாம் நானே எடுத்து அனுப்பறேன்.